பிடித்துச் சறுக்கல்: ‘ஸ்டிக்-ஸ்லிப்’ என்பதற்குத் தமிழில் என்ன?

நிலநடுக்கம் எப்படி வருகிறது என்று கேட்டால், “பூமிக்கடியில் பாறைகள் உடைகின்றன” என்ற பதில்தான் நம் செய்திகளில் வழக்கமாக வரும். முழுத் தவறு என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வுக்கூடங்கள் சொல்லிவருவது வேறு. பெரும்பாலான நிலநடுக்கங்கள் ஏற்கெனவே உடைந்து கிடக்கும் பழைய பிளவுகளில்தான் நடக்கின்றன. பிளவின் இரு பக்கங்களும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் அசையாமல் நிற்கும். அப்புறம் ஒரே மூச்சில் சறுக்கும். இந்த இயக்கத்துக்கு ஆங்கிலத்தில் ஸ்டிக்-ஸ்லிப் என்று பெயர்.

‘ஸ்டிக்’ என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் ‘குத்து’ என்று பொருள். குத்திய கத்தி குத்திய இடத்திலேயே நிற்கும் அல்லவா? அதிலிருந்து ‘மாட்டிக்கொள்’, ‘ஒட்டிக்கொள்’ என்ற பொருள்கள் கிளைத்தன. ‘ஸ்லிப்’ வட ஜெர்மனியில் பேசப்பட்ட தாழ்ஜெர்மன் கிளைமொழிகளின் வழியாக வந்தது. அதன் பொருள் அன்றும் இன்றும் சறுக்கல்தான். 1939-இல் உராய்வு ஆய்வாளர்கள் பவுடனும் லெபனும் உலோகத்தின் மேல் உலோகத்தை நகர்த்திப் பார்த்து, அது சீராக நகராமல் நின்று நின்று தாவுவதை விரிவாக எழுதினார்கள். இந்த ஜோடிச் சொல் உராய்வு ஆய்வில் நிலைத்தது அதற்குப் பிறகுதான். இயந்திரக்காரர்களுக்கு இது ஒரு தொல்லை. பிரேக் கிறீச்சிடுவதும் கதவுக் கீல் முனகுவதும் இதனால்தான்.

சென்னையில் இதே இயக்கத்தை டிக்கெட் வாங்கிக் கேட்கிறோம். மார்கழிக் கச்சேரியில் வயலின்காரர் வில்லுக்கு ரோசின் என்ற பிசினைத் தேய்ப்பது பிடிப்புக்காக. வில் தந்தியைப் பிடித்து இழுக்கும், தாங்க முடியாத கட்டத்தில் தந்தி சறுக்கிப் பின்னால் ஓடும், வில் மறுபடி பிடிக்கும். நொடிக்கு 440 அதிர்வுள்ள சுரம் என்றால், நொடிக்கு 440 முறை இது நடக்கிறது.

நிலநடுக்கத்துக்கு இந்தச் சொல் வந்தது 1966-இல். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் வில்லியம் பிரேஸும் ஜேம்ஸ் பயர்லியும் கிரானைட் துண்டுகளை உயர் அழுத்தத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தார்கள். விசையைக் காட்டும் கோடு மெல்ல ஏறும், திடீரென்று செங்குத்தாக விழும், மீண்டும் ஏறும். வரைபடம் ரம்பப் பல்லாக வரும். முக்கியமான விஷயம், கோடு அடிவரை விழவில்லை. சேர்ந்திருந்த விசையில் ஒரு பகுதி மட்டுமே ஒவ்வொரு சறுக்கலிலும் கழிந்தது.

நில அதிர்வியலாளர்களை அதுவரை குழப்பிய கேள்விக்கு இங்கேதான் வழி பிறந்தது. முழுப் பாறையை உடைக்க நூற்றுக்கணக்கான மெகாபாஸ்கல் தகைவு (ஒரு பரப்பளவில் விழும் விசை) வேண்டும். நிலநடுக்கத்தில் குறையும் தகைவோ சில மெகாபாஸ்கல்தான். உடைவதாக வைத்துக்கொண்டால் கணக்கு இடிக்கிறது. பழைய பிளவு சறுக்குவதாக வைத்துக்கொண்டால் சரியாகப் போகிறது.

பயர்லி 1978-இல் இன்னொரு ஆச்சரியத்தைத் தொகுத்துக் காட்டினார். கிரானைட்டோ மணற்கல்லோ சுண்ணாம்புக்கல்லோ, அழுத்தம் கூடிய நிலையில் உராய்வுக் குணகம் (அழுத்தும் விசையில் எத்தனை பங்கு விசை கொடுத்தால் சறுக்கும் என்ற விகிதம்) ஏறக்குறைய 0.6-க்கும் 0.85-க்கும் நடுவில்தான் நிற்கிறது. பாறையின் சாதி பெரிதாகப் பொருட்டில்லை. சிலவகைக் களிமண் கனிமங்கள்தான் விலக்கு. நம் பரங்கிமலை, பல்லாவரத்துச் சார்னோக்கைட்டையும் அந்தக் கெட்டிப் பாறைக் கூட்டத்தில் தாராளமாகச் சேர்க்கலாம். (அந்தப் பெயரும் ஒரு கதைதான். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக்கல் இந்தப் பாறை என்பதால் நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அப்படிப் பெயரிட்டார்.)

சரி, நின்றது ஏன் திடீரென்று போகிறது? இரண்டு பாறைப் பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அவை முழுக்கத் தொடுவதில்லை. சொரசொரப்பின் நுனிகள் மட்டுமே தொடும். எவ்வளவு நேரம் அசையாமல் கிடக்கிறதோ, அந்த அளவுக்கு நுனிகள் நசுங்கித் தொடும் பரப்பு கூடும், பிடி இறுகும். அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் டீட்டரிக் 1970-களில் இதை அளந்தார். பின்னர் கில்கோருடன் சேர்ந்து, ஒளி ஊடுருவும் பொருள்களை அழுத்தி, அந்தப் புள்ளிகள் வளர்வதைக் கண்ணாலேயே பார்த்தார். 1983-இல் ஆண்டி ருயினா இதற்குக் கணித வடிவம் கொடுத்தார். சறுக்கத் தொடங்கியதும் பழைய நுனிகள் விலகிப் புதியவை தொடும். வேகம் கூடினால் ஒவ்வொன்றுக்கும் தொட்டிருக்க நேரம் குறையும், பிடி தளரும், வேகம் இன்னும் கூடும். சுற்றியுள்ள பாறையில் சுருள்வில்போல் சேர்ந்திருந்த விசை குறைவதைவிடப் பிடி வேகமாகத் தளர்ந்தால் அடக்க முடியாது. ஆய்வுக்கூடத்தில் முதலில் ஒரு சிறு திட்டு மெதுவாக அசைவதும், அது ஓரளவு பரந்த பிறகு விளிம்பு பாய்ந்து ஓடுவதும் தெரிகிறது.

இப்போது தமிழுக்கு வருவோம். ‘உராய்வு’ பள்ளிப் புத்தகத்திலேயே உறுதியாக உட்கார்ந்துவிட்டது. அதன் உறவான ‘உரசல்’ கூட்டணிக் கட்சிச் செய்திகளுக்குப் போய்விட்டதால் அதைத் தொட வேண்டாம். ‘ஸ்டிக்’கை ‘ஒட்டு’ என்று பெயர்த்தால் பசை நினைவுக்கு வரும். பவுடனின் உலோகத்துக்கு அது பொருந்தும். அங்கே நுனிகள் நிஜமாகவே ஒட்டிக்கொள்ளும். பிளவை நிறுத்தி வைப்பதோ மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் அழுத்தும் பாரம். அதற்குப் ‘பிடி’தான் சரி, ‘பிடிமானம்’ என்ற சொல்லும் கூடவே கிடைக்கிறது.

‘ஸ்லிப்’புக்கு மூன்று போட்டியாளர்கள். ‘வழுக்கு’ என்றால் பரப்பு வழவழப்பாக இருக்க வேண்டும், எண்ணெய் பூசிய வழுக்குமரம் போல. ‘நழுவு’ என்றால் சத்தமில்லாமல் போவது. கடன் வாங்கியவன் நழுவுவான். மீதி ‘சறுக்கு’. யானைக்கும் அடி சறுக்கும் என்னும்போது, கெட்டியாக ஊன்றிய கால் எதிர்பாராமல் போவதைத்தான் சொல்கிறோம். ஆகவே என் தேர்வு ‘பிடித்துச் சறுக்கல்’. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ராவுக்கு மேற்கே கடலடிப் பாறைகள் பக்கவாட்டில் சறுக்கி, 8.6 அளவு நிலநடுக்கமாகிச் சென்னை அலுவலகங்களில் இருந்தவர்களைத் தெருவுக்கு இறக்கியதை ‘நழுவல்’ என்று எழுத எனக்குக் கை வராது.

அந்தச் சொல்லுக்கு வேறு வேலை இருக்கிறது. கனடாவின் மேற்குக் கரைக்கு அடியில் ஏறத்தாழ 14 மாதத்துக்கு ஒருமுறை, பூமியின் மேலோட்டுத் தட்டுகளின் எல்லை சில வாரங்களுக்கு மெல்ல நகர்ந்து மீண்டும் நிற்கிறது. வீட்டில் யாருக்கும் தெரியாது, ஜிபிஎஸ் கருவிகள்தான் கண்டுபிடித்தன. அதை ‘மெதுநழுவல்’ என்று தாராளமாக எழுதலாம். கலிபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் பிளவில் ஒரு பகுதி நிற்காமலேயே நகர்ந்துகொண்டிருக்கிறது. துளையிட்டுப் பார்த்தபோது அங்கே சப்போனைட் என்ற வழவழப்பான களிமண் கனிமம் கிடைத்தது. அதற்கு ‘ஊர்வு’ போதும்.