‘அவர்கள் கலாச்சாரம் அப்படி’ என்று என் முன்னால் சொல்லாதீர்கள்

நிறுவனங்களுக்குள் எழும் நெறிமுறைப் புகார்களை விசாரிப்பது என் வேலை. பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்டுக்காரர்கள் ஒன்றாக வேலை செய்யும் இடங்களிலிருந்து வரும் புகார்கள். போன வாரம் ஒரு விசாரணையை முடித்துக்கொடுத்தேன். அதில் ஒரு மேலாளர், தன் கீழே வேலை செய்யும் வேறு நாட்டுக்காரர்களைப் பற்றி, நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “அவர்களுக்கு ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாது. அவர்கள் கலாச்சாரம் அப்படி.” இந்த வாக்கியத்தை எத்தனையாவது தடவையாகக் கேட்கிறேன் என்ற கணக்கை நான் விட்டுவிட்டேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

நடந்தது இதுதான் (ஆள் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). நாற்பது வால்வுகளுக்கு அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். செய்தது பன்னிரண்டுக்கு. அறிக்கையில் நாற்பதுக்கும் ‘தேர்ச்சி’ என்று இருந்தது. கீழே இளம் இன்ஜினியர் ஒருவரின் கையெழுத்து. மாட்டிக்கொண்டவர் அவர்தான்.

அவர் அந்த மேலாளருக்கு எழுதிய மின்னஞ்சல்களை எடுத்துப் பார்த்தேன். (எங்கள் தொழிலில் யார் என்ன சொன்னார்கள் என்பதற்கு முன்னால் எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்றுதான் பார்ப்போம்.) திங்கட்கிழமை மதியம்: “மீதமுள்ள வால்வுகளுக்கு இன்னும் இரண்டு நாள் கிடைத்தால் நன்றாக இருக்கும்.” செவ்வாய் மாலை: “அறிக்கையின் நான்காம் பக்கத்தைத் தாங்கள் ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது.” புதன் இரவு 9.40: “இதை எப்படி முடிப்பது என்று தங்கள் வழிகாட்டுதலை எதிர்பார்க்கிறேன்.” இதற்கு 9.43க்குப் பதில் வந்திருக்கிறது: “நன்றி. நாளை காலை அனுப்பிவிடுங்கள்.”

சொல்லத் தெரியாதவராம்! மூன்று நாளில் மூன்று தடவை சொல்லியிருக்கிறார். கேட்க வேண்டியவர் கேட்கவில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

இன்ஜினியர் மேல் தவறே இல்லை என்று நான் எழுதிக்கொடுக்கவில்லை. செய்யாத சோதனைக்குக் கையெழுத்துப் போட்டது தவறு, அதையும் எழுதினேன். ஆனால் அவர் தலையில் மட்டும் போட்டு முடித்துவிடலாம் என்று நினைத்தவர்களுக்கு என் அறிக்கை பிடிக்கவில்லை.

இந்த ‘கலாச்சாரம்’ என்ற சொல்லை எங்கிருந்து பிடித்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பயிற்சி வகுப்பில் நாடுகளை ஒப்பிட்டுக் காட்டும் வண்ணப் பட்டை வரைபடங்களிலிருந்து. 1967 முதல் 1973 வரை ஐபிஎம் ஊழியர்களிடம் வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை வைத்து, மேலதிகாரிக்கும் கீழே இருப்பவருக்கும் நடுவில் எந்த நாட்டில் எவ்வளவு இடைவெளி என்று நெதர்லாந்தின் சமூக உளவியலாளர் ஹாஃப்ஸ்டெட் அளந்தார். அந்தப் பட்டைகள் நாடுகளின் சராசரிகள். எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு தனி ஆளை எடைபோட அவற்றை எடுக்காதீர்கள் என்று அவரே எச்சரித்திருக்கிறார். அரை நாள் வகுப்புக்குப் போய்வந்தவர்கள் அந்த எச்சரிக்கை வருவதற்குள் தேநீருக்கு எழுந்து போய்விடுகிறார்கள் போலிருக்கிறது.

மேலிடத்தை எதிர்க்க முடியாமல் போவது ஏதோ சில நாட்டுக்காரர்களின் குணம் என்று நினைப்பவர்களுக்கு 1986 ஜனவரி 27 இரவை நினைவுபடுத்துகிறேன். மறுநாள் சேலஞ்சர் விண்கலம் கிளம்ப வேண்டும். கடுங்குளிரில் ராக்கெட் இணைப்புகளின் ரப்பர் வளையங்கள் தாங்காது, ஏவ வேண்டாம் என்று அந்த ராக்கெட்டுகளைச் செய்துகொடுத்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் இன்ஜினியர்கள், ரோஜர் பாய்ஸ்ஜொலி உட்பட, தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். சுற்றி வளைக்கவில்லை, நேராகவே சொன்னார்கள். அந்த நிறுவனத்தின் மூத்த அதிகாரி, இன்ஜினியரிங் பிரிவின் தலைவரைப் பார்த்து, ‘இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேலாளர் தொப்பியை மாட்டிக்கொள்’ என்றார். ‘ஏவலாம்’ என்று பரிந்துரை மாறியது. மறுநாள் 73ஆவது வினாடியில் விண்கலம் சிதறியது, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தார்கள். அமெரிக்கர்கள் அமெரிக்கர்களிடம் ஆங்கிலத்தில் பேசிய கூட்டம் அது. அங்கே எந்தக் கலாச்சாரத்தைக் குற்றம் சொல்வீர்கள்?

இதே சாக்கு பணத்துக்கும் வரும். “அந்த நாட்டில் கொடுத்தால்தான் நடக்கும், ஊரோடு ஒத்து வாழ வேண்டியதுதானே?” கொடுத்தவர்களின் ஊர் எப்படி இருந்தது என்றும் பார்ப்போம். வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்தைத் தொழில் செலவாகக் காட்டி வரிவிலக்கு வாங்க ஜெர்மனியில் 1990களின் கடைசிவரை வழியிருந்தது. அதே நாட்டின் சீமென்ஸ், 2008இல் லஞ்ச வழக்குகளை முடிக்க அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்குமாகச் சேர்த்துச் சுமார் 160 கோடி டாலர் கட்டியது. பத்து வருடத்துக்குள் ஜெர்மானியர்களின் கலாச்சாரமா மாறிவிட்டது? சட்டம் மாறியது.

பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டம் இதைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறது. உள்ளூர் வழக்கம் என்பதைக் கணக்கில் எடுக்கக் கூடாது, அந்த நாட்டின் எழுதப்பட்ட சட்டமே அதை அனுமதித்தால் ஒழிய. கோப்பு நகர்வதற்காகக் கொடுக்கும் சின்னத் தொகைக்கு அமெரிக்காவின் 1977 வெளிநாட்டு லஞ்சத் தடைச் சட்டத்தில் ஒரு சிறு விலக்கு உண்டு, பிரிட்டன் சட்டத்தில் அதுவும் கிடையாது. வழக்கம் என்று நம்பிக் கொடுத்துவிட்டு வந்தவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: ரசீது கொடுத்தார்களா?

அப்படியானால் எதிலும் வளைந்துகொடுக்கக் கூடாதா என்று கேட்காதீர்கள். தாராளமாக வளையுங்கள். யார் முதலில் பேசுவது, கூட்டத்தில் மௌனம் என்றால் சம்மதமா யோசனையா, எப்படி வணக்கம் சொல்வது, யாரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், இதிலெல்லாம் சங்கடப்பட வேண்டியிருந்தால் நீங்கள் படுங்கள், உயிர் போகாது. ஆனால் அளவு, தேதி, கையெழுத்து, பணம், ஒருவரின் உடம்பு என்று வந்துவிட்டால் யார் கலாச்சாரத்தையும் கேட்காதீர்கள். எனக்கு நானே வைத்துக்கொண்ட கேள்வி ஒன்று இருக்கிறது: இதனால் அடிபடப்போகிறவர் இந்த அறையில் இருக்கிறாரா? அந்த வால்வுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்யப்போகிறவர் உங்கள் கூட்டத்துக்கு வரவில்லை.

நடுவில் கிடப்பவைதான் என் நேரத்தைத் தின்பவை. பரிசுப் பொருள், உறவினருக்கு வேலை, பண்டிகைக்கு வந்த கூடை. மறுத்தால் அவமதிப்பாகிவிடும் என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், அன்றைக்கே அலுவலகப் பதிவேட்டில் எழுதிவிட்டு நிறுவனத்திடம் ஒப்படையுங்கள். எழுதக் கை கூசினால் வாங்கியிருக்கவே கூடாது என்று அர்த்தம்.

மேலாளர்களே, “புரிந்ததா?” என்று கேட்பதை இன்றோடு நிறுத்துங்கள். உலகத்தில் எங்கே கேட்டாலும் அதற்குப் பதில் “ஆமாம்”தான். “இதில் எது சொதப்பும்?” என்று கேளுங்கள். “எத்தனை சோதனை முடிந்தது, எத்தனை பாக்கி?” என்று கேளுங்கள், எண்ணைச் சொல்ல யாருக்கும் வெட்கமில்லை. பத்துப் பேர் முன்னால் கருத்துக் கேட்டுவிட்டு, யாருமே எதிர்க்கவில்லையே என்று என்னிடம் வந்து புலம்பாதீர்கள்.

கீழே இருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், கோபத்தோடு இல்லை. மரியாதையாகவே எழுதுங்கள், ஆனால் எண்ணை எழுதுங்கள். “வழிகாட்டுதலை எதிர்பார்க்கிறேன்” என்பதற்கு முன்னால் “இருபத்தெட்டு வால்வுகள் சோதிக்கப்படவில்லை” என்று ஒரு வரி. அந்த ஒரு வரி இருந்திருந்தால் போன வாரம் அந்தப் பையன் என் எதிரில் கைகளை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டார். செய்யாததற்குக் கையெழுத்துக் கேட்டால், எத்தனை செய்தீர்களோ அத்தனைக்கு மட்டும் போட்டுக் கொடுங்கள். பணம் கேட்டு உயிருக்கோ உடம்புக்கோ மிரட்டினால் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள், வந்ததும் எழுதிக்கொடுங்கள். வீரம் காட்டும் இடமில்லை அது.

இதைப் படிக்கும் மேலாளர்கள் போன வார மின்னஞ்சல்களை ஒருமுறை திரும்பப் பாருங்கள். ‘கொஞ்சம் சிரமம்’, ‘ஒருமுறை பார்த்துவிட்டால் நல்லது’, ‘தங்கள் வழிகாட்டுதல்’ என்று ஏதாவது கண்ணில் பட்டால் பதில் எழுத வேண்டாம். தொலைபேசியில் கூப்பிடுங்கள். கூப்பிட்டதும், அவர் தனியாக இருக்கிறாரா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.