கார்புரேட்டர் ஸ்குரூவைத் தொடும் முன் வேக்கம் கேஜை மாட்டுங்கள்

ஐட்லிங்கில் நடுங்குகிறது, நின்றால் அணைந்துவிடுகிறது என்று ஒரு பழைய கார் என்னிடம் வந்தால், அதற்கு முன்பே யாராவது கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகியிருப்பார்கள். ஐட்லிங்கைக் கூட்டி வைத்தால் நடுக்கம் அடங்கும், கோளாறு மட்டும் அப்படியே இருக்கும். கசிவு வழியாகக் காற்று உள்ளே போய், பெட்ரோல் குறைந்த கலவையிலேயே எஞ்சின் ஓடி ஓடி, வால்வு கருகிப்போன வண்டிகளைப் பிரித்திருக்கிறேன்.

எஞ்சின் காற்றை இழுக்கும்போது உண்டாகும் உறிஞ்சலை (வேக்கம்) முள்ளால் காட்டுவதுதான் வேக்கம் கேஜ். அதை இன்டேக் மேனிஃபோல்டில், அதாவது கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவை போகும் குழாயில், நேரடியாக இணையுங்கள். கார்புரேட்டரில் சில வாய்கள், உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் தட்டுக்கு மேலே இருக்கும். அதில் மாட்டினால் ஐட்லிங்கில் முள் ஏறவே ஏறாது. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, கடல் மட்டத்தில் 17 முதல் 22 இஞ்ச் (பாதரச அளவில்) வரை ஆடாமல் காட்டினால் நலம். 300 மீட்டர் உயரத்துக்குச் சுமார் 1 இஞ்ச் குறையும். மலை ஊரில் இருப்பவர்கள் இதைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

முள் எவ்வளவு காட்டுகிறது என்பதைவிட அது எப்படி நிற்கிறது என்பதைப் பாருங்கள். தாழ்ந்து, ஆனால் அசையாமல் நின்றால் இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் பாயும் நேரம்) பின்தங்கியிருக்கலாம், அல்லது எங்கோ காற்று கசியலாம். டைமிங் லைட் வைத்துப் பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும், அதனால் அதை முதலில் முடித்துவிடுங்கள். ஒரே சீராக விட்டுவிட்டு இறங்கினால் ஒரு சிலிண்டரின் வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகப்படலாம். அடுத்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்க்க வேண்டும். 2500 ஆர்பிஎம்மில் பிடித்து வைக்கும்போது முள் மெல்ல மெல்ல இறங்கினால் சைலன்சர் அடைத்திருக்கலாம்.

கசிவு என்றால் எல்லோரும் மேனிஃபோல்டு கேஸ்கெட்டைத்தான் நினைக்கிறார்கள். எனக்கு அதிகம் அகப்படுவது வெடித்த ரப்பர் ஹோஸ், தேய்ந்த த்ராட்டில் ஷாஃப்ட், வேக்கத்தால் ஸ்பார்க் நேரத்தை முன்தள்ளும் டிஸ்ட்ரிபியூட்டர் வேக்கம் அட்வான்ஸின் கிழிந்த டயஃப்ரம் (ரப்பர் சவ்வு). ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வாயை அடைத்துப் பாருங்கள். எதை அடைத்ததும் முள் ஏறுகிறதோ அந்தப் பக்கம்தான் ஓட்டை. பழைய ரப்பரை பிளையரால் நசுக்கிப் பார்க்காதீர்கள், அதுவே புது விரிசலாகும். சூடான எஞ்சினில் கார்புரேட்டர் கிளீனர் அடித்துக் கசிவு தேடும் பழக்கத்தையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள், அது தீப்பிடிக்கும். சோப்புத் தண்ணீரைத் தடவினால் பல இடங்களில் உறிஞ்சும் சத்தம் மாறுவதே காட்டிக்கொடுக்கும்.

ஒரு கார் 13 இஞ்சில் அசையாமல் நின்றது. டைமிங்கில் குறை இல்லை. வேக்கத்தைக் கொண்டு பிரேக் மிதிக்க உதவும் பிரேக் பூஸ்டரின் ஹோஸைக் கழற்றி மேனிஃபோல்டு வாயை அடைத்ததும் முள் 18-க்குப் போனது. பிரேக் எப்படி இருக்கிறது என்று வண்டிக்காரரிடம் கேட்டேன். "ஆறு மாசமா பெடல் கட்டியாத்தான் இருக்கு சார், பழைய வண்டியாச்சேன்னு விட்டுட்டேன்" என்றார். ஆறு மாதமாகக் குடும்பத்தோடு அந்த வண்டியில் போயிருக்கிறார். எனக்கு வயிறு கலங்கியது. பூஸ்டர் டயஃப்ரம் கிழிந்திருந்தது.

இதை நீங்களே பார்க்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். அப்புறம் பெடலை மிதித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லையென்றால் பூஸ்டர், அதன் ஹோஸ், செக் வால்வு (காற்றை ஒரு பக்கம் மட்டும் விடுவது) மூன்றையும் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.

இன்னொன்று: முன்பு யாராவது வேகத்துக்காக கேம்ஷாஃப்டை (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றியிருந்தால் வேக்கம் குறைவாக இருப்பதே அந்த எஞ்சினின் இயல்பு. வண்டியை வாங்கியவரிடம் இதைக் கேட்காமல் நானும் ஒரு முறை நாள் முழுக்க இல்லாத கசிவைத் தேடியிருக்கிறேன்.

கசிவை அடைத்த பிறகு ஐட்லிங் மாறும். கார்புரேட்டர் ஸ்குரூவுக்கு வேலை அப்போதுதான்: முதலில் ஐட்லிங்கை அளவுக்குக் குறையுங்கள், பிறகு மிக்ஸ்ச்சர் ஸ்குரூவை (காற்று-பெட்ரோல் கலவையைச் சரிசெய்வது) மெல்லத் திருப்பி, முள் மிக உயரத்தில் ஆடாமல் நிற்கும் இடத்தில் விடுங்கள்.