கடைமடைக்கு எவ்வளவு வேகம் வந்து சேரும்?

குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தேன். அக்கா மகன் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். நியூசிலாந்தின் தென்தீவில் ஒரு பால்பண்ணையில் வேலை பார்க்கிறவன். "மாமா, ரெண்டாவதா ஒரு ரைஃபிள் வாங்கப் போறேன். எந்தத் தோட்டா போடுறதா பாத்து வாங்கலாம்?" என்றான். மன்னார்குடிப் பக்கம் வரப்பில் மண்வெட்டியோடு நிற்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவன் நான். எறியம் பற்றி ஒருவன் கேட்டால் வாய் சும்மா இருக்காது.

அங்கே வேட்டையாடுவது தப்பில்லையா என்று கேட்பீர்கள். நியூசிலாந்து மண்ணுக்குச் சொந்தமான நிலப் பாலூட்டி வௌவால் மட்டும்தான். மான், ஆடு, பன்றி எல்லாம் வெள்ளைக்காரர்கள் கப்பலில் கொண்டுபோய் விட்டவை. நம் கடமானை 1875-இல் இலங்கையிலிருந்து கொண்டுபோனார்கள். இமயமலைத் தார் ஆட்டை 1904-இல் விட்டார்கள். நம் வரையாட்டுக்கு அது ஒருவகையில் சொந்தம். அவற்றைத் தின்ன அங்கே புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. மலைச்செடிகளை மொட்டையடித்துவிடுகின்றன. அதனால் சுட்டுக் குறைப்பதையே அங்கே காட்டைக் காப்பாற்றும் வேலையாக நினைக்கிறார்கள். இங்கே கதை வேறு. 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் 1991-இன் திருத்தமும் வேட்டைக்குக் கதவைச் சாத்திவிட்டன. கோடியக்கரை வெளிமானைக் கண்ணால் பார்க்கலாம், அவ்வளவுதான்.

எங்கள் தாத்தாவிடம் இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. எனக்குத் தெரிந்து அது அதிகம் பயணம் போனது போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான். தேர்தல் வந்தால் ஒப்படைக்க வேண்டும், முடிந்தால் திருப்பி வாங்க வேண்டும். 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்தியபின் ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. அதாவது இரண்டாவது துப்பாக்கி என்பது நம்மூரில் கடைசித் துப்பாக்கி.

மருமகனிடம் ஏற்கெனவே இருப்பது .223 (இப்படிப்பட்ட எண்கள் குண்டின் பருமனை ஏறக்குறைய அங்குலத்தில் சொல்பவை). முயலுக்கும் காட்டாட்டுக்கும் போதும். அடுத்ததாகப் பெரிய மானுக்கும் மலை ஆட்டுக்கும் சேர்த்து ஒன்று வேண்டும். .300 வின்செஸ்டர் மேக்னம் மேல் கண் வைத்திருந்தான். "பெரிசா வாங்கிட்டா எல்லாத்துக்கும் ஆகும்ல மாமா?"

"மாப்ள, மேட்டூர்ல எவ்வளவு திறந்தாங்கங்கிறது பேப்பருக்குச் செய்தி. கடைமடைக்கு எவ்வளவு வந்துச்சுங்கிறதுதான் நமக்குச் செய்தி" என்றேன். சிரித்தான். தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கம் வயல் வைத்திருப்பவர்களிடம் சொல்லியிருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள்.

மேட்டூரிலிருந்தே தொடங்குவோம். தோட்டா என்பது பித்தளைக் கூடு, அடியில் சிறிய கேப், உள்ளே மருந்து, வாயில் குண்டு. விசையை இழுத்தால் ஊசி கேப்பைத் தட்டும், கேப் பொறி விடும், மருந்து பற்றும். ஆனால் இந்த மருந்து பழைய கரிமருந்து இல்லை. 1884-இல் பிரான்சில் பால் வியே புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். அதைத் திறந்த தட்டில் கொட்டிப் பற்றவைத்தால் கற்பூரம் மாதிரி எரிந்து அடங்கிவிடும். அடைத்துவைத்துப் பற்றவைத்தால்தான் அதன் குணம் தெரியும். அழுத்தம் ஏற ஏற எரியும் வேகம் ஏறும், எரியும் வேகம் ஏற ஏற அழுத்தம் ஏறும். புஸ்வாணத்துக்கும் லட்சுமி வெடிக்கும் இருக்கிற வித்தியாசமும் ஏறக்குறைய இதுதான்.

அழுத்தம் எவ்வளவு? டயர் கடையில் லாரிக்கு 120 பவுண்டு காற்று அடைப்பார்கள். மான் வேட்டைக்குப் பரவலாகப் புழங்கும் .308 தோட்டாவுக்கு அமெரிக்கத் தரநிர்ணயம் அனுமதிக்கும் உச்சம் 62,000 பவுண்டு. லாரி டயரைப் போல ஐந்நூறு மடங்கு, முகத்துக்கு அரைச் சாண் முன்னால். முகம் தப்பிப்பதற்குக் காரணம் அந்தப் பித்தளைக் கூடு. அழுத்தத்தில் அது உப்பி, குழலின் சுவரோடு ஒட்டிக்கொண்டு, காற்று பின்பக்கம் கசியாமல் அடைக்கிறது. அழுத்தம் இறங்கியதும் ஒரு மயிரிழை சுருங்கி விட்டுக்கொடுக்கிறது. அதனால்தான் காலிக்கூட்டை விரலால் இழுத்து எடுக்க முடிகிறது. இரும்பு இவ்வளவு ஒத்துழைக்காது. கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறையில் நின்று பார்த்தவர்களுக்குப் பித்தளையின் இந்தச் சுபாவம் தெரியும். அடிக்க அடிக்க விறைக்கும், நெருப்பில் காட்டினால் மறுபடி இளகும். தோட்டாக் கூட்டின் கழுத்தையும் தொழிற்சாலையில் இதேபோல் சூடுகாட்டி இளக்குகிறார்கள். புதுத் தோட்டாவின் கழுத்தில் நீலம் பாரித்த நிறம் தெரிந்தால் அது அந்தச் சூட்டின் தடம்.

குழலுக்குள் திருகு போல வரிப்பள்ளம் ஓடும். குண்டு அதைப் பிடித்துச் சுழன்றுகொண்டே வெளியேறுகிறது. பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று வைத்தால், விநாடிக்கு 860 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு நிமிஷத்துக்கு இரண்டு லட்சம் சுற்று சுற்றும். வீட்டு மிக்சி இருபதாயிரத்தைத் தொட்டால் பெரிது. பம்பரம் சுற்றும்வரை சாயாது, குண்டும் அப்படியே மூக்கை முன்னால் வைத்துப் போகிறது.

வெளியே வந்த நொடியிலிருந்து செலவுதான். ஒன்று, விழத் தொடங்குகிறது. கையிலிருந்து நழுவிய கல்லும் குழலிலிருந்து கிளம்பிய குண்டும் ஒரே கணக்கில்தான் விழும். .308-இலிருந்து போகும் குண்டு 200 மீட்டரைக் கால் விநாடியில் கடக்கும். அதற்குள் ஓர் அடிக்குச் சற்று மேல் விழுந்திருக்கும். 400 மீட்டர் போவதற்குள் ஐந்தடி. தூரம் இரண்டு மடங்கு, வீழ்ச்சி ஏறக்குறைய ஐந்து மடங்கு. இதைச் சரிக்கட்டத்தான் குழலைப் பார்வைக்கோட்டுக்கு இம்மி மேல்நோக்கி அமைக்கிறார்கள். 200 கஜத்துக்குச் சரிபார்த்து வைத்தால் 100 கஜத்தில் இரண்டு அங்குலம் மேலே படும், 300-இல் எட்டு அங்குலம் போலக் கீழே. மானின் இதயமும் நுரையீரலும் இருக்கிற இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம். ஆக 250 மீட்டர் வரை பெரிய கணக்கே தேவையில்லை, வைத்த இடத்தில் சுடலாம்.

இரண்டாவது செலவு காற்று. வாய்க்காலில் தண்ணீர் கசிவதும் குண்டின் வேகம் கசிவதும் எனக்கு ஒன்றாகத்தான் தோன்றும். தூர் வாரிய வாய்க்கால் கடைசிவரை கொண்டுபோகும், புதர் மண்டியது பாதியில் குடித்துவிடும். குண்டில் அந்தத் தூர் வாரும் வேலையைச் செய்வது அதன் வடிவமும், பருமனுக்கு ஏற்ற எடையும். ஒரே எடையில் ஒல்லியாக நீண்ட குண்டு காற்றைக் குறைவாகவே தள்ளுகிறது.

இரண்டு தோட்டாக்களை எடுத்துக்கொள்வோம். .308-இல் 150 கிரெய்ன் குண்டு (ஒரு கிரெய்ன் கிட்டத்தட்ட 65 மில்லிகிராம்) விநாடிக்கு 860 மீட்டரில் கிளம்புகிறது. 6.5 கிரீட்மூர் (இந்த 6.5 மில்லிமீட்டர் கணக்கு) என்று 2007-இல் வந்த தோட்டாவில் 143 கிரெய்ன் குண்டு 823 மீட்டரில் கிளம்புகிறது. கிளம்பும்போது முன்னதற்குத்தான் வேகம், எடை, ஆற்றல் எல்லாம். 300 கஜத்தில் போய் நின்று பாருங்கள்: .308 சுமார் 665 மீட்டருக்கு இறங்கியிருக்கும், 6.5 இன்னும் 695-இல் இருக்கும். ஆற்றலிலும் அங்கே 6.5 ஒரு இம்மி முந்திவிடும். குறைவாகத் திறந்த வாய்க்காலில் கடைமடைக்கு அதிகம் வந்திருக்கிறது.

பக்கக் காற்றுக்கும் இதே நியாயம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்றால் பத்து கிராம் குண்டு எம்மாத்திரம்! மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்றில் 300 கஜத்துக்குள் .308 குண்டு ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாக ஒதுங்கும். 6.5 ஒதுங்குவது அதில் மூன்றில் இரண்டு பங்கு. தென்தீவு மலைகளில் 16 கிலோமீட்டர் என்பது தென்றல்.

வந்து சேரும் வேகத்துக்கு இவ்வளவு முக்கியத்துவம் எதற்கு? வேட்டைக்குண்டு துளைத்துக்கொண்டு போவதற்காகச் செய்யப்பட்டதல்ல. செம்பு உறைக்குள் ஈயம் வைத்து, பட்டவுடன் காளான் மாதிரி விரியச் செய்திருக்கிறார்கள். விரிந்தால்தான் விலங்கு சட்டென்று சாகும். விரியாவிட்டால் ஊசித்துளையோடு ஓடிப்போய்ப் புதருக்குள் கிடந்து துடிக்கும். பெரும்பாலான குண்டுகள் சரியாக விரிய விநாடிக்குச் சுமார் 550 மீட்டராவது மிச்சம் இருக்க வேண்டும். ஆகவே ஒரு தோட்டா எவ்வளவு தூரத்துக்கு ஆகும் என்ற கேள்விக்கு விடை, அது போய் விழும் தூரம் இல்லை. வேகம் 550-க்குக் கீழே இறங்கும் தூரம்.

"அப்படின்னா மேக்னம்தானே மாமா அதிக தூரம் தாங்கும்?" என்றான். பையன் கெட்டிக்காரன். தாங்கும்தான். ஆனால் நியூட்டனின் மூன்றாம் விதி தோளில் வந்து உட்காரும். .300 மேக்னமின் 180 கிரெய்ன் குண்டு குழல்வாயில் எடுத்துப்போகும் ஆற்றல் சுமார் 4,740 ஜூல், .308-க்கு 3,590. போகிற பக்கம் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். மூன்றரைக் கிலோ ரைஃபிளில் தோளுக்குத் திரும்பி வரும் உதையைக் கணக்குப் போட்டால் .308-க்கு 22 ஜூல் போல வருகிறது, மேக்னமுக்கு 40-ஐத் தாண்டுகிறது. வருகிற பக்கம் ஏறக்குறைய இரட்டிப்பு! குண்டு மட்டும் அல்ல, குழல்வாயில் பீறிடும் மருந்துவாயுவும் சேர்ந்து பின்னால் தள்ளுகிறது. உந்தம் கூடினால் உதையின் ஆற்றல் அதன் இருமடியில் கூடும்.

நான் வகுப்பில் விரும்பி நடத்துகிற இடம் இது. உதை நேரடியாகக் குறியைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. குண்டு குழலுக்குள் இருப்பது ஒன்றரை மில்லி விநாடிகூட இல்லை, அதற்குள் துப்பாக்கி பின்வாங்குவது இரண்டு மில்லிமீட்டர் போல. நம் உடம்பு எதற்கும் பதில் சொல்ல ஐந்தில் ஒரு பங்கு விநாடி எடுக்கும். உதைக்கு நம் உடம்பு பதில் சொல்லத் தொடங்கும்போது குண்டு குழலை விட்டு வெகுதூரம் போயிருக்கும். குறியைக் கெடுப்பது அடுத்த உதையை எதிர்பார்க்கும் தோள். திரியில் பொறி விழுமுன்னே காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிற தீபாவளிப் பிள்ளை மாதிரி, விரல் விசையைத் தொடும்போதே கண் மூடும், தோள் விறைக்கும். இருபது தோட்டா சுட்டுப் பழக முடியாத ரைஃபிளை எல்லாவற்றுக்கும் ஆகும் என்று எப்படிச் சொல்வது?

பெரிய பூனைகளைச் சுட்டுப் பேர் வாங்கிய ஜிம் கார்பெட் 1926-இல் ருத்ரப்பிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையைச் சுட்டது .275 ரிக்பியில். 1892-இல் வந்த 7 மில்லிமீட்டர் மௌசர் தோட்டாவுக்கு இங்கிலாந்துக்காரர்கள் வைத்துக்கொண்ட பெயர் அது. இன்றைய கணக்கில் மிக சாதுவான தோட்டா.

அதற்காக இயற்பியலே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்றும் இல்லை. இந்தியாவில் லைசென்ஸ்காரர்கள் வைத்திருக்கும் .315 ரைஃபிளைப் பாருங்கள். ராணுவத்தின் .303 பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று தடுத்ததால், ஆஸ்திரியாவின் பழைய 8 மில்லிமீட்டர் மான்லிச்சர் தோட்டா இங்கே வேறு பெயரில் வேர்விட்டது. வடிவத்தில் அதைவிட நல்ல தோட்டாக்கள் எத்தனையோ உண்டு, ஆனால் கடையில் கிடைப்பது இது.

நான் 6.5 கிரீட்மூர் என்று சொன்னேன். மேக்னம் ஆசையை விட்டான், ஆனால் என் பேச்சையும் கேட்கவில்லை. பண்ணைக்காரர் ஒருவரிடமிருந்து பழைய .308 ஒன்றை வாங்கிவிட்டான். அவன் ஊர்க் கடையில் .308 தோட்டா எப்போதும் இருக்குமாம், 6.5 சில மாதம் இருக்காதாம். "நான் சுடப்போறது 200 மீட்டர்ல. அங்க ரெண்டும் ஒண்ணுதானே மாமா?" ஒன்றுதான். குழல்முனையில் சைலன்சர் வேறு மாட்டியிருக்கிறான். அங்கே அது சட்டப்படி சகஜம். வாயுவைத் தடுத்து மெல்ல விடுவதால் உதையும் குறைகிறது. குண்டு ஒலியைவிட வேகமாகப் போகும்போது எழும் சடார் சத்தத்தை மட்டும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

போன மாதம் முதல் தடவை மலையேறினான். ஒரு தார் கிடா பாறைமேல் நின்றதாம், பிடரி மயிர் காற்றில் பறக்க. தூரம் பார்க்கும் கருவியில் 620 மீட்டர் காட்டியது. படுத்து, குறி பார்த்து, எழுந்துவிட்டான். "அங்க போறப்ப 550 இருக்காது மாமா." ரைஃபிளின் தொலைநோக்கிக் கண்ணாடியில் செல்போனை வைத்து ஒரு படம் மட்டும் எடுத்து அனுப்பினான். பாறையில் ஒட்டிய பழுப்புப் புள்ளி. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். "வால்பாறை போறப்ப கொண்டை ஊசி வளைவுல நின்னுச்சே, அதுதானே இது?" என்றாள்.