வளையமிடல்

பறவையைப் பிடித்து, காலில் எண் பொறித்த சின்ன அலுமினிய வளையத்தை மாட்டிப் பறக்கவிடுவதுதான் வளையமிடல். அமெரிக்காவில் பேண்டிங், பிரிட்டனில் ரிங்கிங். வேலை ஒன்றுதான்.

‘பேண்ட்’ என்றால் பட்டை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதற்காகப் ‘பட்டையிடல்’ என்றால் நமக்கு நெற்றிதான் நினைவுக்கு வரும், கால் வராது! வளையம் என்பதே பொருத்தம். வளை என்ற வினையிலிருந்து வந்த சொல் அது, நடப்பதும் அதுதான். வளையம் வாய் திறந்த நிலையில்தான் வரும். காலைச் சுற்றி வைத்து, துளையுள்ள குறடால் மெல்ல அழுத்தி வாயை மூடுவார்கள். மூடியபின் அது காலில் தாராளமாகச் சுழல வேண்டும். பாதத்தைத் தாண்டிக் கழன்றுவிடவும் கூடாது.

1899இல் டென்மார்க்கின் வீபோர்க் நகர ஆசிரியர் மோர்டென்சன், மைனாவின் உறவான ஸ்டார்லிங்குகளுக்கு எண்ணிட்ட அலுமினிய வளையம் மாட்டினார். முறையான வளையமிடல் அங்கே தொடங்கியது. வீட்டுத் தோட்டத்துக்கு இதைக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்கரான பிரென்டிஸ் பால்ட்வின். ஒஹாயோவிலும், குளிர்காலத்தில் ஜார்ஜியாவின் தாமஸ்வில்லிலும் கூண்டுப்பொறி வைத்துப் பார்த்தவர், வளையமிட்ட பறவைகளில் சில அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அதே இடத்தில் சிக்குவதைக் கண்டார். 1919இல் அதை எழுதி வெளியிட்டார். மறு ஆண்டே அமெரிக்க அரசு இந்தப் பணியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. இன்று அங்கே அனுமதி இல்லாமல் யாரும் வளையம் மாட்ட முடியாது.

இங்கே இன்னும் இரண்டு சொற்களையும் பிரித்துவைத்துக்கொள்வது நல்லது. வளையமிட்ட இடத்திலேயே 90 நாட்களுக்குள் மறுபடி சிக்கினால் அது ‘ரிப்பீட்’: மறுபிடிப்பு எனலாம். அதற்கும் அப்புறம் சிக்கினால் ‘ரிட்டர்ன்’: மீள்வரவு. குளிர்காலத்துக்கு மட்டும் வந்துபோகும் சிட்டுகளை ஆராய்பவர்களுக்கு இந்த இரண்டாவதுதான் பெரிய சரக்கு. தை மாதத்தில் தினமும் தீனிக்கு வந்து மாட்டுகிற சிட்டு பசியைத்தான் காட்டுகிறது. வசந்தத்தில் வடக்கே போய்க் குஞ்சு பொரித்துவிட்டு, அடுத்த குளிருக்கு அதே வேலியோரம் வந்து நின்றால் விஷயமே வேறு.

வராத பறவை செத்துவிட்டது என்று முடிவுகட்டவும் முடியாது. பக்கத்துத் தோட்டத்தில் மேய்ந்துகொண்டிருக்கலாம். ஆனால் வருகிற பிடிவாதம் சாதாரணமில்லை. 1960களில் பறவை ஆய்வாளர் ரிச்சர்ட் மெவால்ட், கலிபோர்னியாவின் சான் ஹோசேயில் குளிர்காலம் கழித்த சிட்டுகளைப் பிடித்து, வெகு தொலைவிலுள்ள லூசியானாவுக்கு விமானத்தில் அனுப்பி, அங்கே பறக்கவிடச் செய்தார். அடுத்த குளிர்காலத்தில் அவற்றில் சில சான் ஹோசேக்கே வந்துசேர்ந்தன. அடையாளம் சொன்னது வளையத்து எண்.