ஒரு புள்ளி குறைந்த பையன்

இலங்கையில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேறு வந்த மறுநாள், உளவளத்துணைக்கென்று என் அறைக்கு வருபவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள்தான். சென்ற முறை ஒருவர் கைத்தொலைபேசியை மேசையில் வைத்து, "ஒரே ஒரு புள்ளி, ரீச்சர். பெயிலாகிவிட்டான்" என்றார். பையன் கதவருகே நின்று சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

அவன் பெயிலாகவில்லை. இரண்டு வினாத்தாள்கள், மொத்தம் 200 புள்ளிகள். வெட்டுப்புள்ளி என்பது இதில் சித்தியடையும் எல்லை அன்று. மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் இத்தனை புலமைப்பரிசில் என்று ஒதுக்கிவிட்டு, புள்ளி வரிசைப்படி மேலிருந்து எண்ணி வருகிறார்கள். எண்ணிக்கை முடியும் இடத்தில் இருக்கும் புள்ளிதான் வெட்டுப்புள்ளி. மாவட்டத்துக்கு மாவட்டம், மொழிமூலத்துக்கு மொழிமூலம் அது மாறுவது அதனால்தான். வேறொரு மாவட்டத்தில் எழுதியிருந்தால் இதே புள்ளிக்கு அவன் வீட்டில் பால்சோறு பொங்கியிருக்கவும் கூடும்.

அந்நாள் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டத்தோடு, கிராமத்து வறிய பிள்ளை மத்திய கல்லூரிக்கு ஏறிப்போக வைத்த ஏணி இது. இன்றும் உதவிப்பணம் வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைக்குத்தான். அந்த வீடுகளுக்கு இந்தப் பரீட்சை பெரிய விஷயம். விளையாட்டாக எடுக்கச் சொல்ல மாட்டேன்.

இந்த அம்மாவிடம் கேட்டேன். உதவிப்பணம்? அப்பா, அம்மா இருவருக்கும் அரச உத்தியோகம், கிடைக்காது. பாடசாலை மாற்றமா? இல்லை, இங்கேயே உயர்தரம் வரை உண்டு. பிறகு என்ன குறை? சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பாடசாலை வாசல் பதாகையில் இவன் படம் வராதே" என்றார். (அந்தப் பதாகையை முதலில் கழற்ற வேண்டும் என்று அதிபரிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன்.)

ரியூசனில் எழுதிய மாதிரி வினாத்தாள் கட்டைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டாம் வினாத்தாளில் 60 வினாக்கள். தாளுக்குத் தாள் முன்பக்கங்களில் பிழை மிகக் குறைவு. கடைசிப் பக்கம் வெறுமை. விடை தெரியாத பிள்ளையின் தாள் அப்படி இருக்காது, ஆங்காங்கே ஓட்டை விழும். இவனுக்கு நேரம் போதவில்லை. ஒரு பந்தியை வாசிக்கச் சொன்னேன். தாளை மூக்கருகே பிடித்து, விரலை வரியில் ஊன்றி வாசித்தான்.

கண் பரிசோதனைக்குத் துண்டு எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருட ரியூசன் தாள்கள் அவை. ஒவ்வொன்றிலும் மொத்தப் புள்ளியைச் சுற்றி மட்டும் சிவப்பு வட்டம் இருந்தது.