அலாரம் அடித்ததா, நின்றதா?

'தி லைட் வென்ட் ஆஃப்' என்றால் விளக்கு அணைந்துவிட்டது. 'தி அலாரம் வென்ட் ஆஃப்' என்றால் அலாரம் அடித்தது. வினையும் ஒன்று, பின்னால் வரும் 'ஆஃப்' என்ற சொல்லும் ஒன்று. ஆனால் முதல் வாக்கியத்தில் நடந்துகொண்டிருந்த ஒன்று நிற்கிறது. இரண்டாவதில் சும்மா கிடந்த ஒன்று கிளம்புகிறது. முதன்முதலில் ஒரு கதையில் இதைப் படித்தபோது அலாரம் நின்றுபோனது என்றுதான் புரிந்துகொண்டேன். இரண்டு பக்கம் தாண்டி, எல்லாரும் ஏன் பதறி ஓடுகிறார்கள் என்று யோசித்த பிறகே விஷயம் விளங்கியது. அன்றிலிருந்து இந்தச் சின்னச் சொற்கள் மேல் எனக்குத் தனிப் பிரியம்.

'ஆஃப்' என்பதன் அடிப்படைப் பொருள் விலகல்: ஒட்டியிருந்த இடத்தை விட்டுப் பிரிவது. விளக்கு மின்சாரத்திலிருந்து பிரிகிறது, அதனால் அணைகிறது. அலாரமோ அடக்கி வைக்கப்பட்ட நிலையிலிருந்து விடுபடுகிறது, அதனால் அலறுகிறது. துப்பாக்கியும் வெடிகுண்டும் வெடிப்பதற்கு இதே 'கோ ஆஃப்' வருவதும் இதனால்தான். பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் பால் கெட்டுப்போவதும் 'கோ ஆஃப்'தான். நல்ல நிலையிலிருந்து அது விலகிவிட்டது. பொருள்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை போலத் தெரிந்தாலும் அடியில் ஒரே அசைவு இருக்கிறது.

வினையும் இப்படி ஒரு சின்னச் சொல்லும் சேர்ந்து புதுப்பொருள் தருவதைத்தான் ஃப்ரேசல் வெர்ப் என்கிறோம். அந்தச் சின்னச் சொல்லைப் பார்த்ததும் பிரிபொசிஷன் என்று நினைக்கத் தோன்றும். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. 'டர்ன் ஆஃப் தி ரோட்', 'டர்ன் ஆஃப் தி லைட்' என்ற இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவது சாலையை விட்டுத் திரும்பச் சொல்கிறது. அங்கே 'ஆஃப்' சாலையோடு சேர்ந்தது. தமிழில் சாலை'யிலிருந்து' என்று பின்னால் ஒட்டும் உருபு செய்கிற வேலையை ஆங்கிலத்தில் அது முன்னால் நின்று செய்கிறது. அதுதான் பிரிபொசிஷன். இரண்டாவதில் 'ஆஃப்' விளக்கோடு சேர்ந்ததல்ல, 'டர்ன்' என்ற வினையோடு சேர்ந்தது. இரண்டும் இணைந்துதான் 'அணை' என்ற பொருளைத் தருகின்றன. இங்கே அதை ஒட்டுச்சொல் என்று வைத்துக்கொள்வோம்.

சரி, எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரை எடுத்துவிட்டு 'இட்' போட்டுப் பாருங்கள். விளக்கு என்றால் 'டர்ன் இட் ஆஃப்' என்றுதான் வரும். 'டர்ன் ஆஃப் இட்' என்று யாரும் சொல்வதில்லை. சாலை என்றால் 'டர்ன் ஆஃப் இட்' சரி. அதை 'டர்ன் இட் ஆஃப்' என்று மாற்றினால் சாலையையே சுவிட்ச் போட்டு அணைப்பதாகிவிடும். 'லுக் அப்' என்றால் அகராதியில் தேடிப் பார்ப்பது, ஆகவே 'லுக் இட் அப்'. 'லுக் ஆஃப்டர்' என்றால் கவனித்துக்கொள்வது. அதில் 'ஆஃப்டர்' பிரிபொசிஷன், ஆகவே 'லுக் ஆஃப்டர் இட்'. காதாலும் பிடிக்கலாம். ஒட்டுச்சொல்லுக்கு அழுத்தம் விழும், இந்த வகைப் பிரிபொசிஷன் பெரும்பாலும் அழுத்தமில்லாமல் நழுவிப் போகும்.

'இட்' ஏன் நடுவில் போகிறது என்பதற்குக் காரணம் உண்டு. ஆங்கில வாக்கியத்தில் புதுத் தகவலும் கனமான சொல்லும் கடைசியில் வரப் பார்க்கும். 'இட்' ஏற்கெனவே பேசிய பொருளைத்தான் குறிக்கிறது, அழுத்தமும் கிடையாது. ஆகவே அது நடுவில் ஒடுங்கிக்கொள்ள, கடைசி இடம் ஒட்டுச்சொல்லுக்குக் கிடைக்கிறது. பெயர் நீளமாக இருந்தால் நிலைமை தலைகீழ். 'மாடி அறையில் நேற்று ராத்திரி போட்டுவிட்டு மறந்த விளக்கு' என்று ஒரு நீளத் தொடரை 'டர்ன்' என்பதற்கும் 'ஆஃப்' என்பதற்கும் நடுவில் வைத்தால், கேட்பவர் 'ஆஃப்' வரும்வரை வினையை முடிக்காமல் மனத்தில் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அதனால் நீளப் பெயர் வந்தால் பேசுபவர்கள் 'டர்ன் ஆஃப்' என்பதைப் பெரும்பாலும் பிரிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

இந்த ஜோடிக்குப் பின்னால் உண்மையான பிரிபொசிஷன் ஒன்றும் வந்து சேரும்போதுதான் விஷயம் இன்னும் சுவையாகிறது. 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது. 'புட் அப்' வரை வினை. 'வித்' என்பது எதைப் பொறுத்துக்கொள்கிறோம் என்று காட்டுகிறது. பெயரானாலும் 'இட்' ஆனாலும் அதற்குப் பிறகுதான் வரும். 'கேட்ச் அப்' என்றால் பின்தங்கியவர் எட்டிப் பிடிப்பது. அதோடு 'வித்' சேர்ந்தால் ஓர் ஆளை எட்டிப் பிடிக்கிறோம். 'ஆன்' சேர்ந்தால் தேங்கிக் கிடக்கும் வேலையை முடிக்கிறோம். 'கம் அப் வித்' என்றால் ஒரு யோசனையைக் கொண்டுவருவது, 'கம் அப் அகெய்ன்ஸ்ட்' என்றால் ஒரு தடையில் போய் முட்டுவது. 'ஃபால் அவுட்' என்றால் சண்டை போட்டுப் பிரிவது. யாரோடு என்பதற்கு 'வித்', எதை முன்னிட்டு என்பதற்கு 'ஓவர்'. வினைக்கு ஒட்டுச்சொல் பொருள் தருகிறது, பிரிபொசிஷன் அந்தப் பொருளை ஆளோடும் பொருளோடும் கட்டிப்போடுகிறது.

நம்மில் பலர் செய்கிற ஒரு பிழைக்கும் இங்கேதான் விடை. 'ஐ லுக் ஃபார்வர்ட் டு மீட் யூ' என்று கடிதத்தை முடிக்கிறோம். இந்த 'டு', 'ஐ வான்ட் டு மீட் யூ' என்பதில் வரும் 'டு' அல்ல; இது பிரிபொசிஷன். பிரிபொசிஷனுக்குப் பின் பெயர் வர வேண்டும், வினை வந்தால் 'மீட்டிங்' என்று பெயர் போல மாறி வர வேண்டும்.

இந்தப் பழக்கம் ஆங்கிலத்துக்குப் புதிதல்ல. பழைய ஆங்கிலத்தில் இத்தகைய சொற்கள் பல வினைக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருந்தன. அதன் உறவுமொழியான ஜெர்மனில் இன்றும் 'அவுஃப்கேபன்' என்றால் கைவிடுதல். 'மேலே', 'கொடு' என்ற பொருளுள்ள இரண்டு துண்டுகள் அதில் இருக்கின்றன, ஆங்கிலத்தின் 'கிவ் அப்' போலவே. காலப்போக்கில் ஆங்கிலத்தில் முன்னொட்டுகள் பல தேய்ந்துபோக, இந்தச் சொற்கள் வினைக்குப் பின்னால் நிலைத்துவிட்டன. 1755இல் தம் அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், அயல்நாட்டார் மிக அதிகமாகத் திணறுவது இவற்றிடம்தான் என்று அதன் முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஃப்ரேசல் வெர்ப் என்ற பெயர் பரவியது அதற்கெல்லாம் வெகு காலம் கழித்து, 1925இல் எழுத்தாளர் லோகன் பியர்சல் ஸ்மித் அதைப் பற்றி எழுதியதற்குப் பிறகு.

மூளை இவற்றை இரண்டு சொல்லாக எடுத்துக்கொள்கிறதா, ஒன்றாகவா? 2010இல் வெளியான ஓர் ஆய்வில் கப்பெல், ஷ்டிரோவ், புல்வர்முல்லர் ஆகிய மூவரும் மூளையின் காந்த அலைகளை அளந்து பார்த்தார்கள். 'ஹீட் அப்' வழக்கில் உண்டு, 'கூல் அப்' கிடையாது. இப்படி வழக்கில் உள்ள ஜோடிகளையும் இல்லாத ஜோடிகளையும் கேட்கவைத்தார்கள். இவை இலக்கணப்படி அந்தந்த நேரத்தில் கோக்கப்படும் இரண்டு சொற்களாக இருந்தால், தவறான ஜோடிக்கு மூளை கூடுதலாகத் துடித்திருக்க வேண்டும். ஆனால் வழக்கில் உள்ள ஜோடிக்குத்தான் துடிப்பு அதிகமாக இருந்தது. தெரிந்த ஒரு தனிச்சொல்லைக் கேட்டால் எப்படியோ, அப்படி.

தமிழர்களுக்கு இது அந்நியமான விஷயமே அல்ல. 'விட்டுக்கொடு' என்பதை 'விடு', 'கொடு' என்று அகராதியில் தனித்தனியாகத் தேடினால் இணங்கிப்போவது என்ற பொருள் கிடைக்காது. 'கண்டுபிடி'யில் யாரும் எதையும் கையால் பிடிப்பதில்லை. 'சாப்பிட்டுவிட்டான்' என்பதில் 'விடு' முழுவதும் முடிந்ததைக் காட்டுகிறது. 'ஈட் அப்' என்பதில் 'அப்' செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். குடத்தில் நீர் மேலேறி விளிம்பைத் தொட்டால் குடம் நிறைந்துவிட்டது. அந்த மேலேற்றமே 'முழுவதும்' என்ற பொருளாக 'யூஸ் அப்', 'டிரிங்க் அப்' என்று பரவியிருக்கிறது.

அதனால்தான் அகர வரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு என்பேன். பேச்சிலிருந்தும் எழுத்திலிருந்தும் திரட்டிய 10 கோடி சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசிய மொழித்தொகுப்பை கார்ட்னர், டேவிஸ் என்ற ஆய்வாளர்கள் 2007இல் ஆராய்ந்தபோது, அதில் வரும் ஃப்ரேசல் வெர்ப்களில் பாதிக்கு மேல் வெறும் 20 வினைகளிலிருந்தே பிறந்தவை என்று தெரிந்தது. வினைகள் கொஞ்சம், ஒட்டுச்சொற்கள் அதைவிடக் கொஞ்சம். ஒரு வாரம் 'அவுட்' மட்டும், அடுத்த வாரம் 'ஆஃப்' மட்டும் என்று எடுத்துக்கொண்டு படிக்கும்போது கண்ணில் படுவதையெல்லாம் குறித்து வாருங்கள்.

அப்படிப் பார்க்கத் தொடங்கினால் முரண்பாடாகத் தெரிவனவும் விளங்கிவிடும். வீடு எரிந்தால் 'பர்ன் டவுன்', கடிதம் எரிந்தால் 'பர்ன் அப்'. வீடு சரிந்து தரையில் விழுகிறது. கடிதம் மிச்சமின்றித் தீர்கிறது. படிவத்தை நிரப்புவதற்கு 'ஃபில் இன்', 'ஃபில் அவுட்' இரண்டும் உண்டு. முதலாவது, காலிக் கட்டங்களுக்குள் எழுத்துப் போவதைப் பார்க்கிறது. இரண்டாவது, படிவம் ஓரம்வரை முழுமையாவதைப் பார்க்கிறது.