'யெஸ்' சொல்லி மாட்டிக்கொள்வது எப்படி?

பெங்களூரு ஐடி கம்பெனிகளில் பிசினஸ் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். கோவை, சேலம், மதுரைப் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய வருகிறார்கள். அத்தனை பேருக்கும் கிராமர் பயம். ஒரு 'த' (the) விட்டுப்போனதற்காக எந்த க்ளையன்ட்டும் கோபித்துக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. வினை எங்கே வருகிறதென்றால், பேசியவரும் கேட்டவரும் புரிந்துவிட்டது என்று நம்பி போனை வைக்கிற இடத்தில்.

எதிர்மறைக் கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவிலிருந்து மேனேஜர் கேட்கிறார்: "ஹேவன்ட் யூ டிப்ளாய்ட் இட் யெட்?" (புரோகிராமை இன்னும் பயன்பாட்டுக்குப் போடவில்லையா?) நம் பையன் பளிச்சென்று "யெஸ்" என்கிறான். "இன்னும் போடலையா?" என்று கேட்டால் தமிழில் "ஆமா, போடல" என்போம். நீங்கள் நினைத்தது சரி என்பதற்கான ஆமா அது. ஆங்கிலத்தில் வேலை முடிந்திருந்தால்தான் யெஸ். முடியாவிட்டால், கேள்வி எப்படி வந்தாலும் நோ. மேனேஜர் 'ஆயிற்று' என்று குறித்துக்கொண்டு தூங்கப் போய்விடுவார். மறுநாள் போன் காலில் குரல் உயரும். பையனுக்கோ எங்கே தப்பு நடந்தது என்றே புரியாது. ஆகவே ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாதீர்கள். "நோ, வீ ஹேவன்ட் டிப்ளாய்ட் இட்" என்று வாக்கியத்தை முடியுங்கள். கூடவே எப்போது முடியும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

'ஐ ஹேவ் எ டவுட்' இன்னொன்று. வாத்தியாரிடம் கை தூக்கி டவுட் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். "ஐ ஹேவ் எ டவுட் அபவுட் யுவர் டிசைன்" என்றால் அமெரிக்கர் காதில் 'உங்கள் டிசைன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று விழும். 'க்வெஸ்சன்' போதும். பதில் போடுங்கள் என்பதற்கு 'ரிவர்ட்' எழுதுவதையும் விட்டுவிடலாம். புரோகிராமில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' (Git) என்ற மென்பொருளைப் பயன்படுத்தும் டெவலப்பருக்கு, செய்த மாற்றத்தை ரத்து செய்யும் கட்டளை அது. "ப்ளீஸ் ரிவர்ட் ஆன் த லாஸ்ட் சேஞ்ச்" என்று அவருக்கு எழுதினால் என்ன ஆகும் என்று நான் சொல்லவா வேண்டும்?

'ஈஓடி ஃப்ரைடே', அதாவது வெள்ளிக்கிழமை வேலைநாள் முடிவதற்குள் (எண்ட் ஆஃப் டே) என்பது தனி ரகம். மடிவாளாவில் ராத்திரி மதுரை பஸ் பிடிக்க வேண்டியவருக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணியோடு முடிந்துவிடும். நியூயார்க்கில் மாலை 5 மணி என்பது நமக்குச் சனிக்கிழமை அதிகாலை 2.30, குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடுவதால் 3.30. நேரத்தோடு ஐஎஸ்டி (இந்திய நேரம்) என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தேதியில் 05/06 வேண்டாம், நமக்கு ஜூன் 5 என்பது அமெரிக்கருக்கு மே 6 ஆகிவிடும். மாதத்தின் பெயரை எழுதுங்கள்.

இது நம்மவர் கோளாறு மட்டும் என்று கூசவும் வேண்டாம். 'டேபிள்' செய்வது பிரிட்டனில் ஒரு விஷயத்தை விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் தள்ளிப்போடுவது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்த ஒரு சொல்லால் இருநாட்டு ராணுவ அதிகாரிகளும் நெடுநேரம் சண்டை போட்டதாகச் சர்ச்சிலே எழுதியிருக்கிறார். இரு தரப்பும் கேட்டது ஒன்றைத்தான்.

நேரத்தை முன்னுக்குக் கொண்டுவருவதற்கு 'ப்ரீபோன்' என்பது சரியா என்று வகுப்பில் தவறாமல் கேட்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்ட சொல், எனக்கும் பிடிக்கும். நமக்குள் தாராளமாகச் சொல்லலாம். வெளிநாட்டு மெயில் என்றால் மீட்டிங் நாலு மணியிலிருந்து மூன்று மணிக்கு மாறியது என்று பழைய நேரம், புதிய நேரம் இரண்டையும் போட்டு அனுப்புங்கள்.